ஒரே மலைக்கு எத்தனை சட்டம்: பொதிகை அடிவாரத்தில் மனு எழுதிக் கற்றது

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள். “பாரஸ்ட்காரவ விடமாட்டேங்காவ அண்ணாச்சி, ஒரு மனு எழுதணும்.” எதை விடவில்லை என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். ஒருவருக்கு ஆடு மேய்க்க வேண்டும். இன்னொருவர் தோட்டத்தில் தினமும் பன்றி. ஒரு அம்மாவுக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பேரனுக்கு முடி இறக்க வேண்டும், ஆடி அமாவாசைக் கூட்டத்தில் போக இஷ்டமில்லை. காரையாருக்கு அந்தப் பக்கக் காணிப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்தவருக்கோ, அப்பா காலத்திலிருந்து மரவள்ளியும் மிளகும் போடும் நிலத்துக்கு ஒரு காகிதம் வேண்டும். குறை எல்லாருக்கும் ஒரே இலாகாவின் மேல்தான். பொருந்துகிற சட்டம் ஆளுக்கு ஆள் வேறு.

அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதுவது என்று பல வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் காட்டு நிலம் சம்பந்தமாக அடித்த காகிதங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் வந்தாலும் முதலில் சட்டத்தைப் பற்றிப் பேசமாட்டேன். இடம் எது, சர்வே எண் என்ன, அந்த இடத்தின் மேல் எந்த அறிவிக்கை நிற்கிறது என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் எழுதுகிற மனு எந்த மேஜைக்குப் போனாலும் “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று திரும்பி வரும்.

நம் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1882ஆம் வருஷத்து வனச் சட்டத்தின்படி காப்புக்காடு என்று அறிவித்தது முதல் அடுக்கு. 1962ல் முண்டந்துறை சரணாலயம் ஆனது, 1976ல் களக்காடு. இரண்டையும் சேர்த்து 1988ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் அதுதான். 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2007 டிசம்பர் 28ல் 895 சதுர கிலோமீட்டரை மையப்பகுதி என்று அறிவித்தார்கள். சுற்றியுள்ள வெளிவட்டம் 2012ல் வந்தது. இவை எல்லாம் சட்டப்படி ஆளைத் தடுக்கக்கூடியவை.

இவற்றோடு கலந்து இன்னும் சில பெயர்கள் அடிபடும். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், யுனெஸ்கோ அங்கீகாரம், 2022ல் வந்த அகத்தியமலை யானைகள் காப்பகம். பெரிய பெயர்கள்தான். ஆனால் உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. யானைகள் காப்பகம் என்ற அறிவிப்பும் தானாக யாருடைய பட்டா நிலத்தையும் கட்டுப்படுத்தாது; அதற்குள் வரும் காப்புக்காடோ சரணாலயமோதான் கட்டுப்படுத்தும். போர்டைப் பார்த்துப் பயந்து, பட்டா நிலத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கினவருக்குச் சட்டம் தெரிந்திருந்தது.

ஊரில் பாதிப் பேர் இதை “நேஷனல் பார்க்” என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் தேசியப் பூங்கா எதுவும் இல்லை. முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, கிண்டி, மன்னார் வளைகுடா என்று மற்ற இடங்களில் இருக்கின்றன. இது வெறும் பெயர் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். சரணாலயத்தில் சில பழைய உரிமைகளைத் தொடர்ந்து அனுமதிக்கச் சட்டத்தில் வழி உண்டு. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குக்கூட இடமில்லை. கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994லிருந்து பறவைகள் சரணாலயம். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல், வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்ட விட்டு, அங்கேயேதான் குடியிருக்கிறார்கள்.

நிலத்தின் நிலையைத் தெரிந்துகொள்வது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை எழுதிய கிராமக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றும் எடுத்தால் பாதி விடை வந்துவிடும். அ-பதிவேட்டில் உங்கள் எண்ணுக்கு நேராகக் காப்புக்காடு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு, ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) இதில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காப்புக்காட்டு எல்லைக் கற்களுக்கு எண் உண்டு. உங்கள் வயலுக்குப் பக்கத்துக் கல்லின் எண்ணைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது, பிற்பாடு எல்லைத் தகராறு வந்தால் ஆயிரம் வார்த்தை பேசுவதைவிடப் பலன் தரும்.

பன்றி விஷயத்தில் தூரம்தான் சட்டம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு எடுத்த முடிவுப்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. அடிவாரத்தில் வாழையும் நெல்லும் போடுகிறவர் பலருடைய வயல் முதல் வட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். அவர்களுக்கு மிச்சம் இழப்பீட்டு மனுதான். பயிர் அழிந்த அன்றே, காய்வதற்கு முன், குளம்புத் தடமும் வயல் வரப்பும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுங்கள். அடங்கல் (பயிர்க் கணக்கு) நகலோடு ரேஞ்சர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியோடு சீல் வாங்குங்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் வனக் காவலர் வந்து பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஆடு மேய்க்கிறவருக்கு என்னால் நல்ல சேதி சொல்ல முடிந்ததில்லை. 2022ல் உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு அதைத் திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவில் நிறுத்தியது. நம் பக்கத்தில் மலை என்றாலே காப்பகம் என்பதால் அந்தத் திருத்தம் இங்கே அவ்வளவாக உதவவில்லை. தாத்தா காலத்து மேய்ச்சல் அனுமதிச் சீட்டு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது காணிக்காரர்கள் விஷயம். நான் அதிகம் கற்றது இதில்தான்.

காட்டிலேயே வாழ்கிறவர்களுக்கு நிலத்திலும் காட்டிலும் உரிமை கொடுக்கிற 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. மேலே சொன்ன மையப்பகுதி அறிவிப்புக்கு மூன்று நாள் கழித்து. இதனால் புலிகள் காப்பகத்துக்குள் இந்தச் சட்டம் செல்லாது என்று ஒரு பேச்சு ரொம்ப நாள் ஓடியது. அது தப்பு. வன நிலம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் வருகின்றன. விசாரித்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. இந்த ஒரு வரியைத் தமிழில் அடித்து, லேமினேட் செய்து, பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இன்னொரு தாமதமும் இருந்தது. 2008ல் உயர் நீதிமன்றத்தின் ஓர் இடைக்கால உத்தரவால் உரிமைச் சான்று கொடுப்பது நின்றுபோனது. 2016ல்தான் உச்ச நீதிமன்றத்தில் அது விலகியது. அந்த இடைவெளியில் ஆதாரம் சொல்லக்கூடிய எத்தனையோ பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தனிநபர் உரிமைக்குப் படிவம் ஏ. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். உண்மையில் கையில் வைத்திருக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும், அதிகபட்சம் 4 ஹெக்டேர். முதல் தடை சாதிச் சான்று. காணிக்காரர் பட்டியல் பழங்குடியாக வருவது கன்னியாகுமரி மாவட்டத்திலும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களிலும்தான். வேலைக்கு வேறு ஊர் போய் அங்கே குடும்ப அட்டையை மாற்றிக்கொண்ட பையன்கள் சான்று கேட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். மலை முகவரியை விடாதீர்கள்.

அடுத்தது ஆதாரம். விதி 13ல் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது, அதில் எதுவாவது இரண்டு இருந்தால் போதும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிலத்தைச் சமப்படுத்தியது, கல் அணை போட்டது, கிணறு, சுடுகாடு, சாமி கும்பிடும் இடம், வம்சாவளி, விண்ணப்பதாரர் அல்லாத ஒரு பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலம், எல்லாமே ஆதாரம். எனக்குப் பிடித்த ஆதாரம் வேறொன்று. ஒரு வீட்டுத் தகரப் பெட்டியில் பிள்ளைகளின் பள்ளிச் சான்றுகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த பழைய அபராத ரசீது. காட்டை ஆக்கிரமித்துப் பயிர் வைத்ததற்காக அந்தக் காலத்தில் போட்ட அபராதம். வெட்கப்பட்டு அதை வெளியே எடுக்கவே யோசித்தார் அந்த அண்ணன். “இதைக் காட்டினா கேஸ் போட்ருவாவளோ?” இடம், தேதி, பேர், அதிகாரி கையெழுத்து, நாலும் உள்ள அரசாங்கக் காகிதம் அது. அந்த வருஷத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று இதைவிட யாரால் சொல்ல முடியும்?

பெரியவர்கள் வாக்குமூலத்தை அடிக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். “பல காலமாக இருக்கிறோம்” என்று எழுதினால் படிக்கிறவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனால் தேதி கேட்கமாட்டேன். அதற்குப் பதில் ஊருக்கே தெரிந்த சம்பவத்தைக் கேட்பேன். காரையார் அணை வேலை நடந்தபோது யார் எங்கே இருந்தார்கள்? சேர்வலாறு அணை கட்டும்போது இந்தப் பலா காய்த்ததா? 1992 நவம்பர் வெள்ளத்தில் எந்த வீடு போனது, பிறகு எங்கே கட்டினீர்கள்? ஒரு மூட்டுக்காணி, அதாவது காணிக் குடியிருப்பின் தலைவர், இப்படிப் பேச ஆரம்பித்து, வெள்ளத்தில் போன கமுகுகளை வரிசை வரிசையாகச் சொன்னார். எந்த வரிசை யார் நட்டது என்பது உட்பட. அதை அப்படியே எழுதினேன். சரிபார்க்க வந்தவர்கள் அடிமரக் குழிகளைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தாலும் கிராம சபைத் தீர்மானப் புத்தகம் ஒழுங்காக இல்லாவிட்டால் எல்லாம் வீண். இந்தச் சட்டத்தில் தொடக்கம் கிராம சபைதான். அதிகாரி அப்புறம்தான் வருகிறார். கிராம சபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோரிக்கைகளை முடிவு செய்யும் கூட்டத்தில் உறுப்பினரில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர் எத்தனை, வந்தவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, விண்ணப்பதாரர் எத்தனை பேர் வந்தார்கள் என்று நாலு எண்ணையும் தீர்மானத்தின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்வேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித் தீர்மானம். “மேற்படி அனைவருக்கும் ஒரு மனதாக வழங்கலாம்” என்று ஒரே வரியில் முடித்த தீர்மானம் எல்லாரையும் சேர்த்தே திரும்பி வந்தது.

அப்படி ஒரு கட்டு ஓர் அலுவலகத்திலிருந்து “போதிய ஆதாரம் இல்லை” என்ற ஒற்றை வரியோடு வந்தபோது கடையில் எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று, கிராம சபைக்கு மேலே கோரிக்கையைப் பார்க்கும் கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ அடம்பிடிக்க முடியாது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இவை 2012ல் திருத்திய விதிகளில் இருக்கின்றன. விதி எண்ணைப் போட்டு, கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், ஒன்றரைப் பக்கத்தில் பதில் எழுதினோம். கட்டு மறு விசாரணைக்கு வந்தது. இதில் முக்கியம், நிராகரித்த கடிதம் கைக்கு வந்த தேதிக்கு ஆதாரம் வைத்திருப்பது. தபால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள்.

அந்த 60 நாள் எவ்வளவு முக்கியம் என்று 2019 பிப்ரவரியில் எல்லாருக்கும் புரிந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 13ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டது. 28ஆம் தேதி அதையே நிறுத்தி வைத்தது. இடையில் இருந்த இரண்டு வாரமும் கடையில் அந்தப் பேச்சுதான்.

சான்று வந்தபிறகும் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. “பட்டா ஆக்கித் தாரேன், அட்வான்ஸ் வாங்கிக்கோ” என்று வருகிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுத் திட்டம், நில மேம்பாடு போன்றவற்றுக்கு இந்தச் சான்றை வைத்துக் கேட்கலாம்.

ரொம்பப் பேர் கவனிக்காத வழி பிரிவு 3(2). மலைக் குடியிருப்புக்குச் சாலை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், ரேஷன் கடை, மின்கம்பி கேட்டால் “மத்திய அரசு அனுமதி வேண்டும், 1980ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டம்” என்று பதில் வரும். சுரங்கத்துக்கும் பெரிய திட்டத்துக்கும் அது சரி. ஆனால் வன உரிமைச் சட்டத்தில் 13 வகை பொது வசதிகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொன்றும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரை இருந்தால் மாவட்ட அளவிலேயே முடிவெடுக்கலாம். மனுவின் தலைப்பிலேயே “பிரிவு 3(2)ன் கீழ்” என்று போட்டால் அது போகும் மேஜையே வேறு.

எல்லாருக்கும் இந்தச் சட்டம் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சிங்கம்பட்டி ஜமீன் 1929ல் சுமார் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் 2028 வரை என்று தொடர்ந்தது. 2018ல் அது காப்புக்காடு என்றும் அறிவிக்கப்பட்டது. “நாலு தலைமுறையா மேலதான் இருக்கோம், எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லையா?” என்று கேட்டார் அந்தப் பெரியவர். பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் இருந்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930. தோட்டம் போடக் காடு திருத்தியதே 1929க்கு மேல்தான். அதோடு பிழைப்புக்குக் காட்டை நம்பியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இவர்கள் வாழ்ந்தது தேயிலைக் கூலியில். இந்த வழி ரொம்பக் குறுகல் என்று நேராகவே சொன்னேன். மறுவாழ்வு, வீடு, பணிக்கொடை என்று கேட்பதைப் பற்றித்தான் மனு எழுதினோம். தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. சட்டம் தலைமுறையை எண்ணுகிற விதம் மனிதர் எண்ணுகிற விதம் இல்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

ஆனாலும் காட்டுச் சட்டமே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் காரையாரிலிருந்து பாணதீர்த்தம் அருவி வரை லாட்ஜ் முளைத்திருக்கும். தாமிரபரணியில் தண்ணீர் வருவதே மேலே காடு நிற்பதால்தான். கார், பிசானம் இரண்டு போகமும் அதை நம்பித்தான். கோயிலுக்குப் போக நினைத்த அம்மாவுக்கு மனுவே தேவைப்படவில்லை. செக்போஸ்டில் கேட்டு, அனுமதிக்கும் நேரத்தில், பிளாஸ்டிக் இல்லாமல் போய் வந்துவிட்டார். சரணாலயத்துக்குள் வசிப்பவரிடம் முறையான காரியமாகப் போகிறவருக்கும் சட்டத்தில் அனுமதி கேட்க இடமுண்டு என்பதால், மலைக் குடியிருப்பில் பெண் கொடுத்தவர்கள்கூட அதைச் சொல்லி எழுதிக் கேட்கலாம்.

இப்போது கையில் இருப்பது தனிநபர் மனு இல்லை. தேன், கிழங்கு, மீன், சாமி இடம் போன்ற சமூக உரிமைக்குப் படிவம் பி. மரபாகக் காத்துவரும் காட்டையே நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. நிலத்துக்குச் சான்று வந்ததும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வருஷா வருஷம் வருமானம் தருவது என்னவோ இதுதான். சில குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓடை, பாறை, பழைய தடம் எல்லாம் அவர்கள் பெயரிலேயே குறித்தாயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தேன் பாறை யார் எல்லையில் வரும் என்பதில் இரண்டு குடியிருப்புக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. இரண்டு வன உரிமைக் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தபிறகுதான் நான் டைப் அடிக்க முடியும்.